அரக்கோணத்து ஓடுபாதையும் ஆளில்லாத போர் விமானமும்

2024 செப்டம்பர் 18. அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானதளத்திலிருந்து ரோந்துக்குப் போன ஒரு விமானம் பிற்பகலில் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் இறங்கியது. பறந்துகொண்டிருக்கும்போதே கோளாறு. சரிசெய்ய முடியாமல் போகவே, ஆபத்தில்லாத இடமாகப் பார்த்துக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். அந்த ராத்திரி எந்தக் குடியிருப்பின் கதவையும் யாரும் தட்ட வேண்டியிருக்கவில்லை. விமானத்துக்குள் ஆளே இல்லை. அது அமெரிக்க நிறுவனத்திடம் கடற்படை குத்தகைக்கு எடுத்திருந்த எம்க்யூ-9பி சீ கார்டியன்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மிக் விமானங்கள்தான் நினைவுக்கு வந்தன. 2012-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு கொடுத்தார். ரஷ்யாவிடம் வாங்கிய 872 மிக் விமானங்களில் பாதிக்கு மேல் விபத்திலேயே போயின. இறந்த விமானிகள் மட்டும் 171 பேர். அந்த 171 வீடுகளை நினைத்தால், ஆளில்லா விமானம் நாளைக்கே வரட்டும் என்றுதான் மனசு சொல்லும்.

அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதி, போர் விமானி ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த அகாடமியில் படித்த முதல் பெண்கள் அணி, 17 பேர், 2025 மே மாதம் வெளியே வந்த படத்தைப் போனில் வைத்திருக்கிறாள். போன மாதம் வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா, நான் பைலட் ஆகறதுக்குள்ள பைலட் வேலையே இருக்காதாமே? கிளாஸ்ல பசங்க சொல்றாங்க. எல்லாம் ட்ரோன்தானாம்." பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிராமலே சொன்னார்: "ஆளே இல்லாம ஓடுதுன்னா, அத இன்னாத்துக்கு நம்பறது?"

இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

முதலில் வார்த்தையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் சுற்றிப் படம் எடுப்பதும் ட்ரோன், உக்ரைனில் பீரங்கி வண்டி மேல் விழுந்து வெடிப்பதும் ட்ரோன், ராஜாளியிலிருந்து புறப்படும் சீ கார்டியனும் ட்ரோன். சீ கார்டியனின் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 24 மீட்டர். உடம்பு ஒல்லி, இறக்கை நீளம், தள்ளும் விசிறி வாலில். முப்பது மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறக்கும். ஆனால் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடாது. நிதானமாகச் சுற்றிக் கடலைக் கண்காணிக்க அதைவிட நல்ல விமானம் இல்லை. எதிரி ரேடாரும் ஏவுகணையும் விழித்திருக்கும் வானத்தில் அது தப்பாது. ஏமனின் ஹூதிகள் இதே குடும்பத்தைச் சேர்ந்த எம்க்யூ-9 ரீப்பர்களை ஒரு டஜனுக்கு மேல் சுட்டு விழுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 3 கோடி டாலர். அதற்கும் முன்னால், 2002 டிசம்பரில், ஈராக் வானத்தில் பிரிடேட்டர் என்ற ஆளில்லா விமானம் ஒன்றில் ஸ்டிங்கர் ஏவுகணையைக் கட்டி அமெரிக்கர்கள் அனுப்பினார்கள். எதிரில் வந்த மிக்-25 மேல் அது ஏவியது, மிக்கும் ஏவியது. விழுந்தது பிரிடேட்டர்தான்.

ஆகவே கேள்வி இந்த வகை பற்றியது கிடையாது. ஜெட் எஞ்சின், ரேடாரில் சிக்காத உடல், ஏவுகணை எல்லாவற்றோடும் காக்பிட் மட்டும் இல்லாமல் ஒரு விமானம் வந்தால் அது தேஜஸையும் ரஃபேலையும் வீட்டுக்கு அனுப்பிவிடுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொன்ன நாடு பிரிட்டன். 1957-ல் அதன் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இனி ஏவுகணைகளே போதும், விமானி ஓட்டும் சண்டை விமானங்களுக்கு வேலை குறையும் என்றது. லைட்னிங் விமானம் ஒன்று தப்பியது, மற்ற பல திட்டங்களை மூடிவிட்டார்கள். கிட்டத்தட்ட எழுபது வருடம் ஆகிறது, பிரிட்டன் இன்னும் விமானி ஓட்டும் எஃப்-35-ஐ வாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த முறையும் ஆரூடம் பொய்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஏவுகணைக்கு யோசிக்கத் தெரியாது. இன்றைக்கு ஓரளவு தெரிகிறது.

விமானியை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? எல்லோரும் முதலில் சொல்வது ஜி விசை. கூர்மையாகத் திரும்பும்போது உடம்பின் எடை பல மடங்காகும். 9 ஜி என்றால் 70 கிலோ ஆள் 630 கிலோவாகிவிடுகிறார். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஏழு கிலோ என்று வைத்தால், கழுத்து தாங்க வேண்டியது அறுபது கிலோவுக்கு மேல். நம் பக்கத்தில் ஒரு மூட்டை நெல் என்பது 75 கிலோ. கிட்டத்தட்ட அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பின்னால் எதிரியைத் தேட வேண்டும். ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும். அதைத் தடுக்கத் தொடையையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடையோடு, பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்து விமானி போராடுவார். இயந்திரத்துக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் பாதிதான் உண்மை. ஆள் தாங்குவார் என்று 9 ஜி-யோடு நிறுத்தியதுபோல், இறக்கையும் அதற்குத்தான் கட்டியிருக்கிறது. 20 ஜி தாங்க வேண்டுமானால் இறக்கை தடிக்க வேண்டும், எடை கூடும், அதை இழுக்கப் பெரிய எஞ்சின், அதற்கு அதிக எரிபொருள் என்று போய்க்கொண்டே இருக்கும். அப்படியே கட்டினாலும் துரத்தி வரும் ஏவுகணை 30 ஜி, 40 ஜி திரும்பக்கூடியது. இப்போது வரும் ஆளில்லா ஜெட்களைச் செய்பவர்கள் யாரும் ஜி-யைத் துரத்தவில்லை. விலையையும் தூரத்தையும்தான் துரத்துகிறார்கள்.

என் கணக்கில் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு போர் விமானி கை மறக்காமல் இருக்க வருடம் முழுக்கப் பறந்துகொண்டே இருக்க வேண்டும். போரே இல்லாத பத்து வருடத்திலும் எரிபொருள் எரியும், எஞ்சின் தேயும், பறவை மோதும், விபத்து நடக்கும். அந்த 171 விமானிகளில் பெரும்பாலோர் எதிரி குண்டுக்கு இறந்தவர்கள் இல்லை. ஆளில்லா விமானத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம். பயிற்சியைக் கணினியில் நடத்தலாம். ஒன்று கற்றதை மற்றதற்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

விலை குறைவு என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2024 அக்டோபரில் இந்தியா 31 எம்க்யூ-9பி வாங்க ஒப்பந்தம் போட்டது. 15 கடற்படைக்கு, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் எட்டெட்டு. தொகை சுமார் 32,000 கோடி. ஒன்றுக்கு ஆயிரம் கோடி சொச்சம் வருகிறது. 2025 செப்டம்பரில் 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தம் 62,370 கோடி. ஒன்றுக்கு 640 கோடி சொச்சம். முதல் கணக்கில் தரை நிலையம், ஆயுதம், பராமரிப்பு எல்லாம் உண்டு, இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் ஆள் இல்லாவிட்டால் அள்ளிக்கொண்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி என் அம்மா கேட்டதற்கு வருகிறேன்.

ஆள் விமானத்தில் இல்லை என்றால், ஆளுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு கயிறு வேண்டும். பட்டத்துக்கு நூல் மாதிரி. தூரத்தில் பறக்கும் விமானத்துக்கு அந்தக் கயிறு செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானம் பார்க்கும் படம் மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் வந்தாலும் கால் வினாடி. பார்த்துவிட்டு நீங்கள் கொடுக்கும் கட்டளை திரும்பிப் போக இன்னொரு கால் வினாடி. படத்தைச் சுருக்கி விரிக்கும் நேரம், கை அசையும் நேரம் எல்லாம் சேர்ந்தால் ஒரு வினாடியைத் தாண்டிவிடும். கடலைப் பார்த்துக்கொண்டு சுற்றுவதற்கு ஒரு வினாடி தாமதம் ஒன்றுமே இல்லை. ஆனால் சண்டை விமானம் ஒரு வினாடியில் முந்நூறு மீட்டர் போய்விடும். எதிரில் வருபவனும் முந்நூறு மீட்டர் வந்திருப்பான். நீங்கள் திரையில் பார்ப்பது அவன் எங்கே இருந்தான் என்பதை.

அதுகூடப் பரவாயில்லை. கயிற்றையே அறுக்கலாம். போர் என்று வந்தால் இரண்டு பக்கமும் முதலில் செய்வது அலைவரிசையை அடைப்பதுதான். உக்ரைனில் ட்ரோன்களை வழிதவற வைப்பதே தனித் தொழிலாகிவிட்டது. அதற்குத் தப்ப மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. வயலெல்லாம் சிலந்தி வலை மாதிரி அந்த இழை கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜெட் வேகத்தில் நூறு கிலோமீட்டர் கம்பி விட முடியாது. ஆகக் கயிறு அறுந்தாலும் தானாக முடிவெடுக்கும் மூளை விமானத்துக்குள்ளேயே வேண்டும்.

அந்த மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் நிஜம். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு போட்டி நடந்தது. ஹெரான் சிஸ்டம்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் ஏஐ, அனுபவமுள்ள எஃப்-16 விமானி ஒருவரை ஐந்துக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. கணினித் திரையில் நடந்த சண்டை அது. எதிரி எங்கே, என்ன வேகம் என்பது ஏஐ-க்கு ஒளிவுமறைவின்றித் தெரியும். நேருக்கு நேர் மோதும்படி பாய்ந்து சுட்டது. பயிற்சியில் விமானிகளுக்கு அது தடை, ஏனென்றால் அவர்கள் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டியவர்கள். 2023-ல் எக்ஸ்-62ஏ என்ற மாற்றியமைத்த எஃப்-16-ஐ நிஜ வானத்தில், இன்னொரு எஃப்-16-க்கு எதிராக ஏஐ ஓட்டியது. 2024 மே மாதம் அமெரிக்க விமானப்படைச் செயலர் பிராங்க் கெண்டல் அதில் தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஓட்டும் திறமையில் இயந்திரம் மனிதனைப் பிடித்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி இனிமேல் சண்டை போடுவதில் பயனில்லை.

ஆனால் போர் விமானியின் வேலையில் ஓட்டுவது ஒரு பங்குதான். எதிரில் வருவது யார் என்று தீர்மானிப்பது மற்றது. அங்கேதான் சிக்கல்.

2005 ஆகஸ்டில் கிரேக்க வானத்தில் ஒரு பயணிகள் விமானம் எந்த அழைப்புக்கும் பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங், உள்ளே 121 பேர். கடத்தலா, தாக்குதலா என்று தெரியாது. இரண்டு எஃப்-16 விமானங்களை அனுப்பினார்கள். விமானிகள் பக்கத்தில் ஒட்டிப் பறந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கேப்டன் இருக்கை காலி. துணை விமானி மயங்கிச் சரிந்து கிடந்தார். பயணிகள் பகுதியில் ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றழுத்தம் போய் எல்லோரும் நினைவிழந்திருக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது. யாரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் சுட வேண்டிய விமானம் இல்லை அது என்று சொன்னது பக்கத்தில் போய்ப் பார்த்த கண்தான். கேமராவும் அந்த ஜன்னலைக் காட்டும், ஒப்புக்கொள்கிறேன். காட்டியதற்கு என்ன பொருள் என்று அந்த நிமிடத்தில் எடுக்கும் முடிவை அதனிடமே விடலாமா என்பதுதான் கேள்வி.

மனிதன் தப்பே செய்ய மாட்டான் என்று இதற்கு அர்த்தமில்லை. 2019 பிப்ரவரி 27-ம் தேதி, காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே நம் மி-17 ஹெலிகாப்டரை விழுத்தியது. அதில் இருந்த ஆறு வீரர்களும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் மேல் நடவடிக்கை வந்தது. இதே தவறை ஒரு மென்பொருள் செய்திருந்தால் விசாரணைக்கு யாரைக் கூப்பிடுவது? நிரல் எழுதியவரையா, விற்ற நிறுவனத்தையா, கிளப்பி விட்டவரையா?

அதே நாள் காலையில்தான் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டார். அவர் குடும்பத்தின் பூர்வீகம் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த திருப்பனமூர். மார்ச் 1 இரவு அவர் வாகா எல்லையில் நடந்து வரும்வரை நம் பக்கத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அவர் ஓட்டியது ஆளில்லா விமானமாக இருந்திருந்தால் இந்தத் தவிப்பே இல்லை. அது பெரிய விஷயம். ஆனால் அந்த ஒரு மனிதர் உயிரோடு திரும்ப வேண்டும் என்ற கவலைதான் இரண்டு நாட்டையும் அன்றைக்குக் கொஞ்சம் நிறுத்தியது என்றும் எனக்குத் தோன்றுகிறது. அதே வருடம் ஜூனில் ஈரான் அமெரிக்காவின் பெரிய ஆளில்லா உளவு விமானம் ஒன்றைச் சுட்டு விழுத்தியது. பதிலடிக்கு உத்தரவு தயாராகி, கடைசியில் டிரம்ப் நிறுத்தினார். ஆளில்லாத விமானத்துக்குப் பதிலாக அத்தனை பேரைக் கொல்வது சரியாகாது என்றார். ஆள் இல்லாதது அங்கே போரைத் தடுத்தது. ஆள் இல்லை என்பதால்தான் ஈரானும் துணிந்து சுட்டிருக்கும். இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி இது.

சரி, பணம் போடுகிற நாடுகள் என்ன செய்கின்றன? அமெரிக்கக் கடற்படையின் எக்ஸ்-47பி 2013 ஜூலையில் ஆடும் விமானந்தாங்கிக் கப்பலில் தானாக இறங்கியது. 2015-ல் பறந்துகொண்டே எரிபொருள் வாங்கியது. இனி இதுதான் என்று உலகமே பேசியது. அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு, மற்ற விமானங்களுக்கு எரிபொருள் கொடுக்கும் ஆளில்லா விமானத்தைத்தான் அந்தக் கடற்படை கேட்டு வாங்கியது. சண்டைக்காரனாக வந்தது தண்ணீர் லாரி மாதிரி ஆகிவிட்டது. அந்த வேலையும் அவசியமானதுதான்.

இப்போது நடப்பது ஜோடி சேர்ப்பது. விமானி ஓட்டும் ஒரு விமானம் நடுவில், அதன் சொல் கேட்டு முன்னாலும் பக்கத்திலும் ஆளில்லாதவை. ஆஸ்திரேலியாவின் கோஸ்ட் பேட் 2021-ல் பறந்தது. அமெரிக்காவின் ஒய்எஃப்க்யூ-42ஏ, 44ஏ இரண்டும் 2025-ல் பறந்தன. துருக்கியின் கிசிலெல்மா 2025 நவம்பரில் ஜெட் இலக்கு ஒன்றை ரேடார் ஏவுகணையால் அடித்துக் காட்டியது. முன்னால் போகும் ஆளில்லா விமானம் தன் ரேடாரைப் போட்டு எதிரிக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும். பின்னால் வருபவர் ரேடாரை அணைத்துவிட்டு அமைதியாக இருப்பார். முதல் அடி வாங்குவது ஆள் இல்லாதது. இவ்வளவும் செய்யும் அமெரிக்கா, 2025 மார்ச்சில் அறிவித்த எஃப்-47 என்ற புதிய போர் விமானத்துக்கு விமானியை வைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். சீனா தன் ஜே-20 போர் விமானத்தில் பின்னால் இன்னொரு இருக்கையே சேர்த்திருக்கிறது.

நம் நாட்டில் பொதுத்துறை விமான நிறுவனமான ஹெச்ஏஎல் செய்யும் கேட்ஸ் வாரியர் இந்த ஜோடி வகை. அதன் எஞ்சினை 2025 ஜனவரியில் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். ரேடாரில் சிக்காத ஆளில்லா போர் விமானமான காத்தக் திட்டத்துக்கு முன்னோட்டமான சின்ன விமானம் 2022 ஜூலை 1-ம் தேதி சித்ரதுர்காவில் தானாகக் கிளம்பித் தானாக இறங்கியது. காத்தக்குக்கு நம் காவேரி எஞ்சினையே நம்பியிருக்கிறோம். எஞ்சின் விஷயத்தில் நாம் எத்தனை வருடம் இழுத்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சின் ஒன்றுதான். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விமானப்படைக்கு அனுமதித்தது 42 படையணிகள். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு இருப்பது 29. 'எப்படியும் ட்ரோன் வரப்போகிறது' என்று இந்த ஓட்டையை அப்படியே விட்டுவைப்பது மிகவும் ஆபத்தான பேச்சு. 2025 மே மாதச் சண்டையில் பாகிஸ்தான் ஒரே இரவில் 36 இடங்களில் 300, 400 ட்ரோன்களை அனுப்பியதாக நம் அரசு சொன்னது. அவற்றைச் சமாளித்தோம். அவை நம் வான் பாதுகாப்பைச் சோதித்தன, குண்டுகளைச் செலவழிக்க வைத்தன. விமானதளங்களைப் போய்த் தாக்க இரண்டு பக்கமும் பெரிதும் நம்பியது விமானி ஓட்டும் விமானத்தையும் நெடுந்தூர ஏவுகணையையும்தான்.

ராஜாளியில் இந்த ஜோடி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது என்று சொல்லலாம். நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அதே ஓடுபாதையில் சீ கார்டியனும் கிளம்புகிறது, ஆட்களை ஏற்றிக்கொண்டு பி-8ஐ ரோந்து விமானமும் கிளம்புகிறது. மணிக்கணக்கில் கடலைப் பார்த்துச் சலிக்காமல் இருப்பது ஒன்றின் வேலை. சந்தேகப்பட்ட இடத்துக்கு வேகமாகப் போய் நீர்மூழ்கியைத் தேடி அடிப்பது மற்றதன் வேலை. ஆளில்லாதது வந்ததால் வேலைக்கு ஆள் குறைந்துவிடவும் இல்லை. ஓட்ட ஒருவர், கேமராவையும் ரேடாரையும் கவனிக்க ஒருவர், முப்பது மணி நேரம் என்றால் இவர்களுக்கு மாற்று ஆட்கள், தரையில் எஞ்சின்காரர்கள், வந்த படத்தைப் பார்த்துப் பொருள் சொல்பவர்கள். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பெயர். அந்த மாதிரி ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு இடம் மாறும், வேலை போகாது.

அண்ணன் மகளிடம் கடைசியில் நாட்களைத்தான் எண்ணிக் காட்டினேன். அகாடமியில் மூன்று வருடம், பிறகு பறக்கும் பயிற்சி, படையணியில் தனியாகப் பொறுப்பு எடுக்கும்போது 2032, 33 ஆகிவிடும். அன்றைக்கு அவள் ஏறப்போகும் தேஜஸும் சுகோயும் ரஃபேலும் இன்றைக்கே பறக்கின்றன, அல்லது பணம் கட்டியாகிவிட்டது. பக்கத்தில் ஆளில்லாத இரண்டோ நான்கோ சேர்ந்து வரலாம், அதனால் கணக்கையும் கணினியையும் விட்டுவிடாதே என்றேன். போர் விமானம் ஒன்று முப்பது, நாற்பது வருடம் உழைக்கும். 2025 ஏப்ரலில் கடற்படைக்கு ஒப்பந்தம் போட்ட 26 ரஃபேல்கள் 2030 வாக்கில் வந்து சேர வேண்டும். அவை 2060-லும் பறந்துகொண்டிருக்கலாம். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. காக்பிட்டை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகியிருக்கும்.